அத்தையிடம் சொன்ன தகர ஜோக்

போன வாரம் எங்கள் ஒத்தக்கடைப் பக்கம் காய்ச்சல் பரவுகிறது என்று தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டார்கள். என்ன காய்ச்சல், யாருக்குக் காய்ச்சல்... ஒரு விவரமும் இல்லை. விவரம் எதற்கு? பதினைந்தாவது நிமிடம் நான் மெடிக்கல் ஷாப்பில் நின்றேன்.

மாஸ்க் ஒரு பாக்கெட். சானிடைசர் ரெண்டு. ஆவி பிடிக்கிற மிஷின் ஒன்று.

"வீட்ல யாருக்குண்ணே முடியல?" என்றார் கடைக்காரர்.

"இன்னும் யாருக்கும் இல்ல."

அந்த ‘இன்னும்’தான் நான்.

கொரோனா காலத்து என் வீரதீரங்களை இந்தப் பக்கத்தில் நிறையவே சொல்லியிருக்கிறேன். வாழைப்பழத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியது, பால் பாக்கெட்டை வெயிலில் காயவைத்துத் திரிந்த பாலைக் குடித்தது, முகத்தில் ஷீல்டு இருப்பதை மறந்து காபி டம்ளரைத் தூக்கியது... நீங்களும் சிரித்து லெட்டர் போட்டீர்கள். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. ஜோக் இல்லாததால் அல்ல. அதில் ஒரு ஜோக் இருப்பதால்.

பரவையில் எனக்கு ஒரு அத்தை. அப்பாவின் தங்கை. எழுபதைத் தாண்டியவர். மாமா காலமாகி ரொம்ப வருஷம்; ஒரே மகள் கோயம்புத்தூரில். அத்தை பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை போட்டிருந்தார். லாரி டிரைவர்களையே அதட்டி வேலை வாங்குகிற குரல்.

எங்கள் பக்கம் அத்தையும் மருமகனும் ஒருத்தரை ஒருத்தர் எகத்தாளம் பேசிக்கொள்ள முழு உரிமை உண்டு. பேசாவிட்டால்தான் என்ன கோபம் என்று கேட்பார்கள்.

"என்னத்தை, இன்னும் இருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பேன்.

"ஒன் கல்யாணச் சாப்பாடே இன்னும் செரிக்கல மருமகனே, அதுக்குள்ள எங்க போக?"

லாக்டவுனில் மார்க்கெட்டை மூடினார்கள். அத்தைக்குத் துணை டிவி மட்டும். டிவி என்ன செய்யும்? காலையிலிருந்து எண்ணிக்கை சொல்லும். லாரி டிரைவர்களை மிரட்டிய அந்தக் குரல் நாலே நாளில் மெலிந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு போன், பத்து போன்.

"மருமகனே, மூணு தும்மல் போட்டுட்டேன். அதுவா இருக்குமோ?"

"மருமகனே, காபிக்கு ருசியே தெரியல."

"நீங்க போட்ட காபிக்கு என்னைக்கு அத்தை ருசி இருந்துச்சு?"

சிரிப்பார். அரைமணி நேரத்தில் மறுபடி போன் வரும்.

உண்மையைச் சொல்கிறேன். அத்தை தும்மல் என்றால் எனக்கு மூக்கு அரிக்கும். ருசி என்றால் ஓடிப்போய் ஊறுகாயை நக்கிப் பார்ப்பேன். அவருடைய பயத்தைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை — என்னுடையதே வீடு கொள்ளாமல் கிடந்தது. அதை ஒத்துக்கொள்வதற்குப் பதிலாக ஜோக் அடித்தேன்.

அப்போது நோய் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்து அடைத்துக்கொண்டிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் போனில் அத்தை ரெண்டு தடவை இருமினார்.

"அத்தை, சத்தமா இருமாதீங்க. எங்க தெருவுல ஒருத்தர் தும்முனாரு, அஞ்சு நிமிசத்துல தகரம் வந்துருச்சு. நீங்க இருமுனது இந்நேரம் கேட்டுருக்கும். ஆணி சுத்தியலோட வண்டி பரவைக்குக் கிளம்பியாச்சு."

வழக்கமான அத்தையாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ‘வரட்டும், அந்தத் தகரத்துல கடைக்குக் கூரை போட்டுக்கிறேன்’ என்று சொல்லியிருப்பார்.

"அப்படியா மருமகனே" என்றார். போனை வைத்துவிட்டார்.

அதோடு போன் நின்றது. மறுநாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நானே கூப்பிட்டபோது, "நல்லாருக்கேன் மருமகனே" — அவ்வளவுதான். பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன்? காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"பாத்தியா? ஒரே ஜோக்கு. அத்தையோட பயமெல்லாம் போச்சு" என்றேன் மனைவியிடம்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அம்புட்டுப் பேசுறவங்க பேசலைன்னா ஒரு எட்டு போய்ப் பாக்க வேணாமா?"

"இ-பாஸ் வேணும்ல" என்றேன்.

இ-பாஸ் இல்லாமலே காய்கறி வண்டி பரவைக்கும் எங்கள் தெருவுக்கும் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த டிரைவர் எனக்குத் தெரிந்தவர்தான்.

ஆறாவது நாள் காலையில் அத்தையின் எதிர்வீட்டு முருகேசண்ணன் போன் செய்தார்.

"தம்பி, ஒங்க அத்தை வீட்டுக் கோலம் நாளுக்கு நாள் சின்னதாயிட்டே வருதுன்னு எங்க வீட்டம்மா சொல்லிட்டே இருந்துச்சு. இன்னைக்கு வாசல்ல ஒரே ஒரு கோடுதான் கிடக்கு. கதவத் தட்டுனா, நல்லாருக்கேன்னு உள்ளருந்து சத்தம் வருது. எந்திரிச்சு வர மாட்டேங்குது."

கதவைத் தள்ளித் திறந்து அவர்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனது மத்தியானம். காய்கறி வண்டியில்தான்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அத்தைக்கு அஞ்சு நாளாகக் காய்ச்சல். இருமல் வெளியே கேட்கக்கூடாதென்று டிவியைச் சத்தமாக வைத்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமியிருக்கிறார். தெருவுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று அந்தக் காய்ச்சலோடு தினமும் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கிறார்.

மூணு வாரம் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தார். நுரையீரல்தான் பழையபடி இல்லை. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். வெங்காயக் கடை அதோடு போனது.

"ஏன் அத்தை எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீதான மருமகனே தகரம் அடிப்பாங்கன்னு சொன்ன."

குறையாகச் சொல்லவில்லை. எனக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துவோம் என்கிற மாதிரி சொன்னார்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். மெடிக்கல் ஷாப்பிலிருந்து திரும்பியதும் அத்தைக்குப் போன் போட்டேன். "நல்லாருக்கேன் மருமகனே." மத்தியானம் போட்டேன். "நல்லாருக்கேன்." உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மறுநாள் காலை மாட்டுத்தாவணியில் பஸ் மாறிப் பரவையில் போய் இறங்கிவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனார். அடக்கி அடக்கி இருமுகிற சத்தம்.

"என்னத்தை?"

"மொளகா நெடி மருமகனே."

எட்டிப் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

நாக்கு நுனிக்கு ஒரு ஜோக் வந்தது. விழுங்கினேன்.

"அத்தை, எனக்குப் பயமா இருக்கு. காய்ச்சல் வந்துருமோன்னு நேத்துலேருந்து கையி காலு ஓடல. டாக்டர்கிட்டப் போகணும். தனியாப் போகவும் பயமா இருக்கு. கூட வாரீங்களா?"

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இம்புட்டு வயசாச்சு... சரி, இரு. வாரேன்." ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "எங்க மருமகனுக்குப் பயம் டாக்டர். ஊசி கீசி போட்டுறாதீங்க, அழுதுருவாரு" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் அத்தையைக் காட்டினேன். புரிந்துகொண்டார். "மொத்தமா ரெண்டு பேரையும் பாத்துருவோம்" என்று ஸ்டெத்தை முதலில் என் நெஞ்சில் வைத்தார், அப்புறம் அத்தை முதுகில் வைத்தார். அத்தைக்குச் சளிதான். நெஞ்சில் புதிதாக எதுவும் இல்லை. எனக்கு பிரஷர் ஏறியிருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மெதுவாகக் கேட்டேன்.

"இருமல் வந்தப்ப பயந்துட்டீங்களா அத்தை?"

அத்தை வெளியே பார்த்துக்கொண்டே சிரித்தார்.

"பயந்தா ஒங்கிட்டயா சொல்லுவேன்?"

எகத்தாளம்தான், முறைப்படி நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்... அத்தை பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.