சட்டம் பாய் தோண்டிய குழி

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி பேட்டரிக் கடை வைத்திருந்த கலீலுக்கு அந்தப் பக்கத்தில் ‘சட்டம் பாய்’ என்று பெயர். கேலியாக ஆரம்பித்த பெயர்தான். பிறகு வாடிக்கையாளர்களே “சட்டம் பாய் கடை எங்க இருக்கு?” என்று விசாரித்துக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆரம்பத்தில் ரோட்டோரமாகத் தகர ஷெட் போட்டு, லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். ரோட்டை அகலமாக்கப் போவதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் முன்கூட்டியே சாமான்களை எடுத்துப் போய்விட்டார்கள். கலீலுக்கு அப்போது பேப்பர் பார்க்கும் வழக்கம் கிடையாது. ஒரு காலையில் வந்து பார்த்தால் ஷெட் இல்லை, சார்ஜர் நசுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு பயம். எங்கேயோ யாரோ ஒரு சட்டம் போட்டிருப்பார்கள், தனக்கு மட்டும் தெரியாமல் போய்விடும் என்று.

அதனால் டீக்கடையில் நாலு பேப்பரையும் மேய்ந்துவிட்டுத்தான் கடை திறப்பார். தமிழில் இருப்பதை அவர் படிப்பார். ஆங்கிலத்தில் வருவதை மனைவி சபீஹா படித்துச் சொல்வார். மெல்லிசான பிளாஸ்டிக் பை கூடாது என்று ஆணை வந்தபோது, தெருவில் முதலில் துணிப்பையோடு கறி வாங்கப் போனவர் கலீல்தான். கறிக்கடைக்காரரே சிரித்தார்.

இரண்டாயிரத்து மூன்றில் மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்தது. மழைக்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் குழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பு போய்விடும் என்று பேச்சு. தெருவில் பலர் மாடியிலிருந்து ஒரு குழாயை இறக்கி மண்ணுக்குள் சும்மா செருகி வைத்துக்கொண்டிருந்தார்கள், அதிகாரி வந்தால் காட்ட. கலீல் அப்படிச் செய்யவில்லை. ஆள் வைத்து, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி, ஜல்லியும் மணலும் கொட்டி, மூடிப் பலகை போட்டார்.

குழிக்கு இடம் தேர்ந்தெடுத்ததுதான் விஷயம். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் கொஞ்சம் மொட்டைத்தரை. அங்கே புல் கூட முளைக்காது. சபீஹா வைத்த கறிவேப்பிலை பட்டுப்போனது, வாழைக்கன்று பட்டுப்போனது. “ஒண்ணுத்துக்கும் உதவாத இடம், குழியாவது இருக்கட்டும்” என்று அங்கேயே தோண்டச் சொல்லிவிட்டார். தோண்டிய மண்ணையும் வீணாக்கவில்லை. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு கடை பள்ளத்தில் இறங்கியிருந்தது. மண்ணைக் கடைக்குள் நிரவி, மேலே கெட்டியாகச் சிமெண்ட் பூசினார். ஒரு சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததில் கடைத்தரையும் உயர்ந்தது என்று அவருக்குப் பெருமை.

ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பிடித்தது. கிணற்றில் நீர் ஏறியது. பக்கத்து வீட்டு எல்லம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். அவர் வாசலில் இட்லிக்கடை போட்டிருப்பவர். கலீல் வீட்டுக் கிணற்றிலிருந்து அவர் வீட்டு டிரம்முக்கு ஒரு குழாய் போகும். குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

“இன்னா பாய், தண்ணி எகிறிகினு கீது! சட்டம் போட்டவன் வாயில சக்கரை போடணும்.”

“குழி போட்டவன் வாயில?”

“உனக்கு நாலு இட்லி. போதுமா?”

அடுத்த வாரம் பேட்டரிக் கம்பெனி, கடைக்காரர்களுக்காகத் தாம்பரத்தில் ஒரு கூட்டம் வைத்தது. கலீல் முன்வரிசையில் உட்கார்ந்தார். கம்பெனியிலிருந்து வந்த தனசேகர் பழைய பேட்டரி விதிகளைப் பற்றிப் பேசினார். புது பேட்டரி விற்கும்போது பழையதைத் திரும்ப வாங்க வேண்டும், கம்பெனி லாரியில்தான் அனுப்ப வேண்டும், பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது.

கலீல் கை தூக்கினார். “இந்த விதி எப்பலேர்ந்து சார் வரப்போகுது?”

“வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, பாய்.”

பின்வரிசையில் யாரோ, “சட்டம் பாய்க்கே தெரியலையாம்டா!” என்றார்கள். அரங்கம் சிரித்தது. கலீலுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் தனசேகர் அடுத்துச் சொன்னதில் அந்த அவமானமெல்லாம் மறந்துபோனது.

“முக்கியமா ஆசிட்ட கீழ ஊத்தாதீங்க. அதுல ஈயம் இருக்கு. மண்ணுல எறங்கி நிலத்தடித் தண்ணிக்குப் போச்சுன்னா, குடிக்கிற கொழந்தைங்களுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும்.”

ஊரப்பாக்கத்தில் பழைய பேட்டரி வாங்கும் கடைக்காரர், “தண்ணிக்கு நான் காசு தர மாட்டேன், காய வெச்சுக் கொண்டா” என்பார். எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுதான், கலீலும் செய்தார். ஒவ்வொரு பேட்டரியையும் கவிழ்த்து ஆசிட்டைக் கொட்டிவிட்டுத்தான் ஏற்றுவார். கொட்டிய இடம், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த மொட்டைத்தரை. குழி தோண்டிய பிறகுதான் கொட்ட இடமில்லாமல் கேன்களில் பிடித்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார்.

புல் ஏன் முளைக்கவில்லை என்பது பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது புரிந்தது. அதே இடத்தில் குழி வெட்டி, மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் அதன் வழியாகக் கிணற்றுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதும்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டார் சுவிட்சை அணைத்தார். சபீஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சபீஹா அடுப்பில் இருந்த சாதத்தை இறக்கி, அப்படியே கீழே கொட்டினார்.

“எல்லம்மாக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“மோட்டார் ரிப்பேர்னு சொல்லலாம்னு பாக்குறேன். தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு, தெரிஞ்சப்புறம்...”

“அவங்க பேத்தி அந்தத் தண்ணியத்தான குடிக்குது? டிரம்ல இன்னும் இருக்கு. நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?”

கலீல் போனார். எல்லம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். கலீல் நின்றபடியே சொல்லி முடித்தார். எல்லம்மா கிரைண்டரை நிறுத்தினார்.

“இத்தினி வருசமா அந்தத் தண்ணிலதான் இட்லி ஊத்தறேன். இரும்புலியூரே துண்ணுது. எவனாவது செத்தானா?”

“செத்தாத்தான் தெரியணுமா, அக்கா? கொழந்தைக்கு ஆகாதாம்.”

எல்லம்மா பேத்தியைப் பார்த்தார். வாசலில் உட்கார்ந்து ஒன்றாம் வகுப்புப் பாடத்தை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தது. “நல்லாத்தான படிக்குது?” என்றார், குரல் இறங்கி. பிறகு எழுந்து, டிரம்மைச் சாய்த்துத் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் விட்டார். ஆட்டிய மாவையும் அதிலேயே கொட்டினார். “போ பாய். பேஜாரு பண்ணிட்ட. எனக்குத் தண்ணி நீதான் கொண்ணாந்து ஊத்தணும்.”

ஊற்றினார். பரிசோதனை முடிவு வரும்வரை, தினமும் விடியும் முன்னே, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்குழாயிலிருந்து சைக்கிளில் குடம் குடமாகக் கொண்டுவந்தார். எல்லம்மா பேசவில்லை. நாலு இட்லியும் நின்றுபோனது. கடையில் பேட்டரி வாங்க வந்தவர்களிடம், “இங்கயே பழசக் குடுத்துடுங்க, ஆசிட்டோட குடுங்க” என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் கலீல்.

கிண்டிப் பக்கம் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சொல்லித் தண்ணீரைக் கொடுத்திருந்தார். முடிவு வாங்கப் போனபோது சபீஹாவும் கூட வந்தார். ஆங்கிலத்தில் இருந்தால் யார் படிப்பது?

அங்கே வேதியியல் பார்க்கும் புஷ்பலதா இருவரையும் உட்காரச் சொன்னார். “உங்க கிணத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஈயம் அளவுக்குள்ள இருக்கு. தாராளமா குடிக்கலாம்.”

கலீல் நம்பவில்லை. “வேற யார் தண்ணியாவது மாறி வந்திருக்குமா மேடம்?”

“மாறல. அவ்ளோ வருஷம் கொட்டியும் எப்படின்னு கேக்குறீங்க, அதான? ஈயம் சீக்கிரம் நகராது. உங்க ஏரியா களிமண்ணு வேற. விழுந்த எடத்துலயே, மேல்மண்ணுலயே ஒட்டிக்கும்.” பிறகு, பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: “குழி தோண்டினீங்கள்ல, அந்த ஈயம் ஒட்டின மண்ண எங்க போட்டீங்க? தோட்டத்துல ஏதாவது?”

சபீஹா கணவரைப் பார்த்தார். கலீல்தான் சொன்னார்: “கடைத்தரைக்கு.”

“மண்தரையா?”

“இல்ல மேடம். மேல சிமெண்ட் போட்டிருக்கேன். கெட்டியா.”

புஷ்பலதா முதல்முறையாகச் சிரித்தார். “அப்ப அங்கயே இருக்கட்டும், உடைக்காதீங்க. மழத் தண்ணி படாம, காத்துல பறக்காம இருக்கணும், அவ்ளோதான். குழியச் சுத்தி மிச்சம் இருக்கிற மொட்டைத்தரைக்கும் சிமெண்ட் போட்டுடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவ தண்ணியக் கொண்டுவந்து குடுங்க. மாடிப்படிக்குக் கீழ கேன் இருக்குன்னீங்களே, அதக் கம்பெனி லாரில அனுப்பிடுங்க.”

வெளியே வந்ததும் கலீல் நடைபாதை ஓரச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். சபீஹாவும் உட்கார்ந்தார். எதிரில் மின்சார ரயில் ஒன்று தாம்பரத்துக்குப் போனது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் சபீஹா. “ஒண்ணும் வளராதது எவ்ளோ நல்லதாப் போச்சு பாருங்க. அந்தக் கறிவேப்பிலை மட்டும் வளந்திருந்தா தெனமும் தாளிச்சிருப்பேன்.”

கலீலுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் நனைந்தது. கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. சபீஹா துப்பட்டா நுனியை நீட்டினார்.

வீட்டுக்குப் போனதும் நேராக மதிலண்டை போய் நின்றார். “அக்கா, தண்ணி நல்லா இருக்காம்!”

எல்லம்மா வெளியே வந்தார். “யாரு சொன்னா?”

“டெஸ்ட் பண்ணவங்க. எழுதிக் குடுத்திருக்காங்க.”

“எழுத்து கெடக்கட்டும். நீ மொதல்ல குடி, நான் பாக்கறேன்.”

கலீல் மோட்டாரைப் போட்டார். குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த நீர். கை நிறையப் பிடித்துக் குடித்தார். எல்லம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து குழாய்க்கு அடியில் வைத்தார்.

தண்ணீர் டிரம்முக்குள் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கலீல் மதிலில் சாய்ந்து நின்றார். அது நிறைந்தது. விளிம்பைத் தாண்டி வழிந்தது. அவர் நகரவில்லை.

“ஏ பாய், மோட்டார நிறுத்து! தண்ணி வீணாப்போவுது. அதுக்கும் ஒரு சட்டம் போட்டுறப்போறான்!”