ஹொப்ஸ் தளிர்களை வெட்டிய கை

அந்த ஏப்ரலில் நான் என் கணவரைச் சந்தேகித்தேன்.

பிரான்சில், லா ஷப்பல் என்ற பகுதியில், பியர் காய்ச்சும் சிறிய கடையொன்றில் நான் துப்புரவு வேலை செய்துவந்தேன். 2012இல் அங்கே காய்ச்சுபவர் எனக்கு ஒரு ஹொப்ஸ் கிழங்கு தந்தார். பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுக்கிற கொடி அது. கட்டட முற்றத்தில் தொட்டியில் நட்டு, இரண்டாம் மாடியிலுள்ள எங்கள் ஜன்னல்வரை கயிறு கட்டினேன். வீட்டிலும் ஒருமுறை காய்ச்சிப் பார்க்க ஆசை.

இவருக்குப் பிடிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீட்டிலை பியர் காய்ச்சப் போறீரோ? சனம் என்ன கதைக்கும்?"

அடுத்த வசந்தத்தில் பத்துப் பதினைந்து ஊதாத் தளிர்கள் ஒன்றாகக் கிளம்பின. ஒரு காலை பார்த்தால் பாதியைக் காணவில்லை. கத்தியால் வெட்டிய வெட்டு. இரண்டு நாள் கழித்து இன்னும் நான்கு போயிருந்தன.

இவர் வேலைக்குப் போவது அந்த முற்றத்தைத் தாண்டித்தான். ஜாக்கெட் பைகளைத் துழாவினேன். சமையலறைக் கத்தியை முகர்ந்துகூடப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை, அதுவே சந்தேகத்தைக் கூட்டியது.

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "நீங்கள்தானே வெட்டினது?"

"எனக்கு வேறை வேலை இல்லையோ?" சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை குப்பை போட இறங்கினேன். கீழ்வீட்டு மதாமின் ஜன்னலிலிருந்து வெண்ணெய் உருகும் வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். வாணலியில் என் தளிர்கள்.

"உங்களுடையதா? தானாக முளைத்ததென்று நினைத்தேன்" என்றார் பிரெஞ்சில். கயிறு கட்டிய தொட்டியில் தானாக முளைக்குமா? அவர் பிரான்சின் வடக்கிலிருந்து வந்தவர். அங்கே இதைப் பொரித்துச் சாப்பிடுவார்களாம். மூன்று நான்கு தளிரை விட்டு மற்றதை வெட்டினால்தான் கொடிக்கும் நல்லதாம். நான் நம்பவில்லை. மறுநாள் காய்ச்சுபவரிடம் கேட்டேன். உண்மைதான் என்றார்.

"மதாம்தான் வெட்டினவ" என்று இவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இவர் "ம்" என்றார்.

அடுத்த நாள் தடித்த கயிறு ஒன்று வாங்கி வந்து, பழையதை அவிழ்த்துவிட்டுக் கட்டினார். "அது காத்துக்கு அறுந்துபோம்" என்றார். கோபம் போய்விட்டதா, குத்திக்காட்டுகிறாரா? முதுகைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

செப்டெம்பரில் காய்ச்சினேன். கடும் கசப்பு. மதாம் இரண்டு போத்தல் குடித்தார். இவர் போத்தல்களைக் கழுவித் தந்தார். ஒரு சொட்டும் தொடவில்லை.