கைப்பிடியில் பூசிய எண்ணெய்

அன்பான சபையாரே, அடித்த பந்தைவிட அடித்த மட்டை அதிக தூரம் போனதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். என் மகள் எஸ்தரின் கையிலிருந்து வழுக்கிய கோல்ஃப் மட்டை, புல்வெளியைத் தாண்டிக் குளத்தோரம் போய் விழுந்தது. காரணம் யாரென்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஆவடியில் தொழிற்சாலை ஊழியன். சேக்காட்டில் வீடு. எஸ்தர் தொழில்முறை கோல்ஃப் ஆடுகிறாள். பெரிய தொடருக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கீழ்நிலைத் தொடரில் அவளுக்கு இது முதல் ஆண்டு. எங்கள் தெருவில் இன்றைக்கும், "பாப்பா எத்தினி ரன்னு அட்ச்சுது அண்ணாத்தே?" என்றுதான் கேட்கிறார்கள். லீவு போட்டு ஊர் ஊராக அவள் பையைச் சுமந்தவன் நான். வருடம் முழுக்கத் தடுமாற்றம். கடைசிப் போட்டியின் இரண்டாம் நாளில் தேறினால்தான் அடுத்த ஆண்டும் இடம். இல்லையென்றால் தகுதிச் சுற்றிலிருந்து மறுபடியும் ஏற வேண்டும்.

அன்று காலை பயம் பிடித்துக்கொண்டது. ஆடப்போவது அவள், பயந்தது நான். அவள் தலையில் தடவச் சொல்லிப் போதகர் ஐயா ஜெபித்துக் கொடுத்த ஒலிவ எண்ணெய் என்னிடம் இருந்தது. ஒரு வேகத்தில் எல்லா மட்டைகளின் கைப்பிடியிலும் பூசிவிட்டேன். தாராளமாக. விசுவாசத்தில் சிக்கனம் பார்க்கலாமா?

முதல் அடியிலேயே மட்டை பறந்தது. எஸ்தர் துண்டால் துடைத்தாள். எண்ணெய் இன்னும் நன்றாகப் பரவியது. அடுத்தடுத்த குழிகளிலும் அடிகள் வீணாயின. அவள் முகம் வெளுத்துப்போனது. வாயைத் திறக்க எனக்குத் தைரியமில்லை. "ஆண்டவரே, மன்னிப்பை அப்புறம் கேட்கிறேன். முதலில் எண்ணெயை எடும்" என்று முனகினேன்.

இடி இடித்தது. எனக்குத்தான் என்று நினைத்துப் பையோடு குந்திவிட்டேன். உடனே சங்கு ஊதியது. மின்னல் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். எல்லாரையும் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். மழை கொட்டியது.

"கையக் காட்டுப்பா," என்றாள் எஸ்தர். காட்டினேன். மினுமினுத்தது.

"இன்னாத்த பூசின?"

"ஐயா ஜெபிச்சுக் குடுத்த எண்ணெய்ம்மா."

"அவரு தலைல தடவச் சொன்னாரா, மட்டைல தடவச் சொன்னாரா?"

"உன் தலைல வெச்சா கத்துவியேன்னுதான்..."

அடிப்பாள் என்று பார்த்தேன். சிரித்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. காலுறை துவைக்க என் மனைவி பையில் வைத்திருந்த துணி சோப்பை எடுத்து, குழாயடியில் இருவரும் ஒவ்வொரு கைப்பிடியாகத் தேய்த்தோம். காய்ந்த துண்டால் துடைத்தோம். மழை எங்களுக்காகக் காத்திருந்தது போல அப்புறம்தான் விட்டது.

திரும்பிப் போனவள் வேறு ஆள். தோள் இறுக்கம் போய்விட்டது. இழந்த அடிகளை ஒவ்வொன்றாக மீட்டாள். கடைசிக் குழியில் பந்தை உருட்டும்போது நான் கண்ணை மூடியிருந்தேன். அது ஜெபம் அல்ல, பயம். குழிக்குள் பந்து விழுந்த சத்தம் கேட்டுத்தான் அழுதேன். தேறிவிட்டாள். அடுத்த ஆண்டும் இடம் உண்டு.

எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. ஆண்டவரிடம் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத என் கையைத்தான் சொல்கிறேன். இப்போது ஆட்டத்துக்கு முன் எஸ்தர், "கையக் காட்டு" என்பாள். விரித்துக் காட்டுவேன். ஒன்றும் இருக்காது. அப்படியே ஜெபிப்போம். பயந்து நிற்கிறவர்களே, நீங்களும் அந்த வெறுங்கையோடு ஆண்டவரிடம் வாருங்கள்.