சாச்சா மாற்றி எழுதிய முடிவு

தொண்டியில் என் சாச்சா மாதம் ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். அத்தாவின் தம்பி அவர். உம்மா மவுத்தாகி அடக்கமும் முடிந்து, அத்தா பினாங்குக்குக் கடை வேலைக்குப் போனபின் என்னை அவரிடம்தான் விட்டிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கீழக்கரையில் தாய்வீட்டுக்குப் போன சாச்சி இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. ஏனென்று கேட்டால், "வருவா புள்ள" என்பார் சாச்சா.

அவர் கதைகள் எல்லாம் நியூயார்க்கில் நடக்கும். அவரோ மதுரையைத் தாண்டியதில்லை. துறைமுகத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் தொண்டிக் கரைக்குப் போய்ப் படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஐந்து புனைபெயர்கள் வைத்திருந்தார். அதில் ஒன்று வெள்ளைக்காரப் பெயர். சென்னைக்குத் தபாலில் போகும் தாள்கட்டு, அட்டையில் துப்பாக்கியோடு புத்தகமாகத் திரும்பி வரும். எழுதியதை முதலில் எனக்குத்தான் வாசித்துக் காட்டுவார். பேசுவதற்கு அவருக்கும் வேறு ஆளில்லை, எனக்கும் இல்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் சாயங்காலம் கடைசி அத்தியாயத்தை வாசித்தார். துப்பறிபவனின் காணாமற்போன மனைவி கப்பலிலிருந்து இறங்கி வருகிறாள். எனக்குச் சலித்துப்போயிற்று.

"எல்லாக் கதையிலயும் காணாமப் போனவுக கடைசியில வந்துர்றாக சாச்சா. ஒண்ணுலயாச்சும் வராம இருக்கட்டுமே."

தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வராட்டி அவன் என்ன செய்வான் புள்ள?"

"அதையும் நீங்கதான எழுதணும்."

மறுநாள் புதிதாக எழுதி வாசித்தார். கப்பலிலிருந்து எல்லோரும் இறங்கிப் போய்விடுகிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டி, ஓர் ஆளுக்கு மட்டும் உலை வைக்கிறான். நியூயார்க்கில் உலை வைப்பார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாசிக்கும்போது அவர் குரல் கம்மியது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

புத்தகம் வெளிவந்ததும், அழுதுவிட்டதாக வாசகர்கள் எழுதிய கார்டுகளைப் பதிப்பாளர் கட்டாக அனுப்பி, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கேட்டார். சாச்சா பதில் போடவில்லை. அடுத்த மாதம் எழுதவில்லை. அதற்கடுத்த மாதமும் எழுதவில்லை. பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு அரிசி மண்டிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்.

நானோ அந்தப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், முடிவைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று ஒவ்வொருத்தியிடமும் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.