மூன்று நாள் மலப் பரிசோதனை

மகள் கல்யாணத்தின்போது வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். எனக்கு எச்.ஐ.வி. இருப்பது மகளுக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரை டப்பாவை இடம் மாற்றி மாற்றி ஒளித்துச் சலித்துப்போய், போடுவதையே நிறுத்திவிட்டேன். கல்யாணம் முடிந்த பிறகும், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்களே என்ற பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

மாத்திரையை நிறுத்திய எட்டாவது மாதம் வயிற்றுப்போக்கு பிடித்தது. தண்ணீராகப் போகும். திண்டிவனத்தில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைக்கு இரண்டு நாள் நிற்கும், மறுபடி தொடங்கும். எனக்காக நான் தைத்துக்கொண்ட ஜாக்கெட்டுகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன.

அப்போதுதான் காணையிலிருந்து சம்பந்தியம்மா வந்தார். மகளின் மாமியார்.

"இன்னா சம்பந்தி, பாதி ஆளா ஆயிட்டீங்க? கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சூடுதாங்க. சரியாயிடும்."

"சூட்டுல யாராவது இப்டி எளைப்பாங்களா? கெளம்புங்க."

எந்த வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று பயந்தேனோ, அந்த வீட்டுச் சம்பந்தியம்மாவே என்னை முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவரை டீ வாங்க அனுப்பிவிட்டு டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை.

"எதிர்ப்பு சக்தி கொறைஞ்சா சில ஒட்டுண்ணி வயித்துல தங்கிடும்மா. சாதாரண டெஸ்ட்ல தப்பிச்சிடும். சாயம் போட்டுப் பாக்கணும். மூணு நாள் காலையில மலம் கொண்டாங்க" என்றார்.

சம்பந்தியம்மா என் வீட்டிலேயே தங்கிவிட்டார். தினமும் விழுப்புரம் பஸ்ஸில் டப்பா இருந்த பையை அவர்தான் மடியில் வைத்துக்கொள்வார். பக்கத்து சீட்டுப் பெண் ஒருத்தி, "இன்னாக்கா, பத்திரமா புடிச்சிக்கினு வர்றீங்க, ஊறுகாயா?" என்று கேட்டாள். "ஆமா, தொட்டுக்கிறியா?" என்றார். பல மாதம் கழித்து அன்றுதான் சிரித்தேன்.

மூன்றாவது நாள் ஒட்டுண்ணி தெரிந்துவிட்டது. அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நிறுத்திய மாத்திரையை வாங்க வேறு அறைக்கு அனுப்பினார்கள். வாசலில் பெரிய எழுத்தில் எச்.ஐ.வி. சிகிச்சை மையம் என்று போர்டு. சம்பந்தியம்மா அதை எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டார்.

"எங்களுக்குப் பயந்துக்கினுதான் மாத்திரைய வுட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"உசுரு போயிருந்தா?" என்றவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா அழுகையா தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்தார். கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அந்த மாத்திர எத்தினி மணிக்கு?"

"ராத்திரி எட்டு மணிங்க."

ஆறாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றது. பழைய உடம்பு வர மாதக்கணக்கானது. சம்பந்தியம்மா ஊருக்குப் போன பிறகு தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் காணையிலிருந்து போன் வரும், "போட்டீங்களா?" என்று. ஒரு நாள், "இனிமே நானே மறக்காம போட்டுக்குவேங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றேன்.

"சரி, அப்ப வேற எதனா பேசலாம்" என்றார்.