பேருந்தில் முதலில் ஏறுகிறவள்

என் கணவர் இறந்து, காரியங்கள் எல்லாம் முடிந்து, நான் மறுபடி வேலைக்குப் போன நாளில் எங்கள் கம்பெனிப் பேருந்தின் ஓட்டுநர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. துக்க வீட்டுக்காரியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல மனிதர்களைப் பற்றி நாம் முதலில் நல்ல காரணத்தைத்தான் யோசிக்கிறோம்.

பேருந்து வரும் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநருக்கு வடவள்ளியில் வீடு. இரவில் வண்டி அங்கேதான் நிற்கும். காலையில் காலியாகத் தொண்டாமுத்தூர் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும். பிறகு வந்த வழியே திரும்பி வடவள்ளிக்காரர்களை ஏற்றும். அப்புறம் காந்திபுரம், பீளமேடு என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அவிநாசி சாலையில் உள்ள பம்பு மோட்டார் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும். அங்கே அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. தொண்டாமுத்தூரில் ஏறுவது நான் ஒருத்திதான். அதனால் தினமும் அந்த வண்டியில் காலெடுத்து வைக்கும் முதல் ஆள் நான்.

முன்பெல்லாம் கணவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். பேருந்து கிளம்பும்வரை நின்று ஓட்டுநரோடு நாயம் பேசுவார்.

"ஏனுங்க, ஊட்டுக்காரம்மாவ ஒப்படைச்சுப்போட்டேன். பொழுதோட சேதாரம் இல்லாம திருப்பிக் குடுத்துருங்க."

"சேதாரம் ஆனா நம்ம கம்பெனில வாரண்டி இருக்குங்க, மாத்திக் குடுத்துருவாங்க!"

இந்தப் பேச்சு ஏறக்குறைய தினமும் நடக்கும். இருவரும் தினமும் சிரிப்பார்கள். கணவர் மாரடைப்பில் போனபோது சுடுகாடுவரை வந்து, கடைசிவரை நின்றவர் அந்த ஓட்டுநர். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் திரும்பிய சில நாட்களில் சாலையில் ஒரு யானை வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் யானை வருவது புதிதில்லை. வனத்துறையினர் வண்டிகளை நிறுத்தி வைத்தார்கள். வடவள்ளியில் காத்திருந்தவர்கள் வெயில் ஏறியபிறகு எரிச்சலோடு ஏறினார்கள். பின் இருக்கையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"யானை தானா வந்துச்சுங்களா, இல்ல மொத ஏறுன மொகத்தப் பாத்து வந்துச்சுங்களா?"

சிரிப்பு எழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் பீளமேட்டில் டயர் வெடித்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டயர் மாற்றும்வரை எல்லோரும் சாலையோரம் நின்றிருந்தோம். என்னைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

மறுநாள் நான் ஏறியபோது ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். வடவள்ளி வந்ததும் கையை உயர்த்தி நேராக்கினார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. என் முகம் அவர் கண்ணில் படக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். அதைக்கூட அவர் எவ்வளவு மரியாதையாகச் செய்தார்!

இதை வாய்திறந்து சொல்லும் வேலை என் பக்கத்து இருக்கைக்காரிக்கு வந்து சேர்ந்தது. வடவள்ளியில் ஏறுகிறவள். ஸ்டோர்ஸில் வேலை. என்னைவிட இளையவள், கிறிஸ்தவப் பெண். பல வருடங்களாக நாங்கள் இருவரும் ஒரே இருக்கையில்தான். அவள் கொண்டுவரும் இட்லியில் பாதி எனக்கு, என் வீட்டுப் பொடி அவளுக்கு. அவள் கணவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளோடு உட்கார்ந்திருந்தவள் நான்.

அன்று அவள் இட்லி டப்பாவைத் திறக்கவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. நம்ம வடவள்ளி வரைக்கும் டவுன் பஸ்ல வந்து எங்களோட ஏறிக்கிறீங்களா? மொத ஆளா ஏறாம இருந்தாப் போதுங்க."

"எதுக்குங்க?"

"எங்க சபையில இந்தச் சகுனமெல்லாம் பாக்கறதில்லைங்க. எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாதுங்க. ஆனா மத்தவங்க சங்கடப்படறாங்க. பாவம், வண்டி ஓட்டறவரும் புள்ளகுட்டிக்காரர்."

"எங்கிட்டக் கேக்கச் சொன்னது யாருங்க?"

"யாரும் சொல்லலைங்க. எல்லாருந்தான்."

நான் வரமாட்டேன் என்றேன். கம்பெனி எனக்குக் கொடுத்த நிறுத்தம் தொண்டாமுத்தூர். பேருந்துப் பட்டியலில் என் பெயர் அந்த நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. ஒருமுறை டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால், அவர்கள் சொல்வது சரி என்று நானே கையெழுத்துப் போட்டதாக ஆகும். அதன்பிறகு என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். புது மிஷினுக்குப் பூஜை போடும் நாளில் லீவு போடச் சொல்வார்கள். மருதமலைக்குச் சுற்றுலா போனால் வராதே என்பார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு 'ங்க' இருக்கும்.

அன்றிலிருந்து அவள் இட்லி தானாகவே வேறொரு இருக்கைக்குப் போயிற்று.

அந்த மாதம் கம்பெனியில் நலவாரம் நடந்தது. எங்கு பார்த்தாலும் மஞ்சள் சுவரொட்டிகள்: மனம் நலமாக இருந்தால் வேலை நலமாக இருக்கும், ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வோம். கேண்டீன் கூடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம்பெண் மைக்கைப் பிடித்தாள். அவளிடம் யாரோ வேறுவிதமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அது அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியிலேயே தெரிந்தது.

"துக்கத்துல இருக்கற ஒரு சீனியர் ஸ்டாஃபுக்காக நம்ம பஸ் நண்பர்களே சேர்ந்து எடுத்த முடிவு இது. திங்கட்கிழமையிலிருந்து பஸ் முதல்ல வடவள்ளி ஆட்களை ஏத்திட்டு, அப்புறம்தான் தொண்டாமுத்தூர் போகும். அவங்கெல்லாம் சீக்கிரமே எந்திரிக்கணும். இருந்தாலும் பரவாயில்லைன்னு சொல்லிட்டாங்க. மேடம் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம்!"

கைதட்டல். கதவோரம் நின்ற ஓட்டுநர் தரையைப் பார்த்தபடி கைதட்டினார். என்னைத் தள்ளி வைப்பதற்காக அத்தனை பேர் இருட்டோடு எழுந்திருக்கத் தயாராக இருந்தார்கள். அந்த உழைப்பை எனக்குச் செய்யும் உபகாரமாகவும் ஆக்கிவிட்டார்கள். நான் எழுந்து கும்பிட வேண்டும் என்று கூடம் காத்திருந்தது. நான் எழவில்லை.

பிறகு வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒரு பயிற்சி வைத்தார். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, மனதார ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மைக் வரிசையாக வந்தது. பழைய பழக்கத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள் பேருந்தின் பக்கத்து இருக்கைக்காரி. என் கையைப் பிடித்தாள்.

"இந்த அக்கா எனக்குக் கூடப்பொறந்தவங்க மாதிரிங்க. அவங்க வெசனப்படாம நல்லா இருக்கோணும்."

அவள் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மைக் என்னிடம் வந்தது. நான் அவள் கையை விடவில்லை.

"அம்மணிக்கு என்ற நன்றிங்க. திங்கக்கிழமையிலிருந்து வண்டியில மொத ஆளா ஏறுறது இவங்கதான். இத்தனை வருசம் அந்த எடத்துல நான் ஏறுனேன். என்ற ஊட்டுக்காரர் என்ன ஆனாருன்னு எல்லாருக்கும் தெரியுமுங்க. அதனால, அம்மணி, அண்ணன் ஒடம்ப மட்டும் நல்லாப் பாத்துக்கங்க. நெஞ்சுல ஸ்டென்ட் வேற இருக்குது."

ஒரு கெட்ட வார்த்தையும் அதில் இல்லை. பயிற்சியாளர் "அருமை" என்று சொல்லிக் கைதட்டினார். அவருக்குப் புரியவில்லை. எங்கள் பேருந்துக்காரர்கள் யாரும் தட்டவில்லை. அவள் கை என் கைக்குள் சில்லென்று ஆயிற்று. மெதுவாக உருவிக்கொண்டாள்.

அன்று மாலை வண்டி காந்திபுரம் தாண்டும் முன்பே பின்னால் சண்டை தொடங்கிவிட்டது. நான் என் இருக்கையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கத்து இருக்கை காலி. அதற்குரியவளின் குரல்தான் முதலில் கேட்டது.

"திங்கக்கிழமை நான் மொதல்ல ஏற மாட்டேனுங்க. வேற யாராச்சும் ஏறுங்க."

"ஏன், என்ற தாலி என்ன வாடகைக்கு எடுத்ததுங்களா? நீங்கதான் அந்த ரூட்டுக்குக் கையெழுத்து வாங்கிட்டுத் திரிஞ்சீங்க, நீங்களே ஏறுங்க."

"ஆம்பளைங்க ஏறட்டும். அவங்களுக்கென்ன."

"ஆம்பளைங்க நாங்க ஏறுனா எங்க ஊட்டுல கேப்பாங்கல்ல? யாரு உசுரு போகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அட, கம்முனு இருங்க. அந்தக்கா கேக்கறாங்க."

"கேக்கட்டும். அவங்கதானே ஆரம்பிச்சுவெச்சாங்க."

நான் ஆரம்பித்து வைத்தேனாம். யானைக்கும் டயருக்கும் என் முகத்தைக் காரணம் சொன்னவர்கள், நான் ஒரு வாக்கியத்தில் அதே கணக்கை அவர்கள் பக்கம் திருப்பியவுடன் இப்படி ஆகிவிட்டார்கள். முதல் படியில் கால் வைக்க அந்த வண்டியில் ஓர் ஆளும் இல்லை. வடவள்ளியில் எல்லோரும் இறங்கும்வரை சண்டை தீரவில்லை. அங்கிருந்து தொண்டாமுத்தூர்வரை நானும் ஓட்டுநரும் மட்டும். எனக்கு அன்றைய பயணம் சுகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் செய்தி வந்தது. நிர்வாகக் காரணங்களால் பழைய வழித்தடமே தொடரும் என்று போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை தொண்டாமுத்தூரில் நான் முதல் ஆளாக ஏறினேன். "வணக்கமுங்க" என்றேன். ஓட்டுநர் பதில் சொல்லாமல் கியரைப் போட்டார். நான் இருக்கைக்குப் போகாமல் படியருகிலேயே நின்று இன்னொரு முறை "வணக்கமுங்க" என்றேன். "வாங்க அக்கா" என்றார். இப்போதும் தினமும் சொல்கிறார். நான் கேட்டு வாங்கிய மரியாதை. தானாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வராதபோது கேட்டு வாங்கியதை வைத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

பக்கத்து இருக்கைக்காரி மட்டும் அந்த வாரம் முழுக்கப் பேருந்தில் பின்னாலேயே உட்கார்ந்தாள்; வேலை நேரத்தில் ஸ்டோர்ஸைவிட்டு வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கேண்டீன் குழாயடியில் நான் டப்பா கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அக்கா, அப்படிச் சொல்லிப்போட்டீங்களே. எனக்குத் தூக்கமே போயிருச்சுங்க. அவர் இருமுனாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கறேன்."

"அண்ணன் நல்லாத்தானே இருக்காரு? உக்கடத்துல மீன் வாங்கிட்டுப் போனதப் பாத்தனுங்க."

"நல்லா இருக்காருங்க. இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது. நான் மொதல்ல ஏறக்கூட இல்லைங்களே! அந்தச் சொல்லத் திருப்பி எடுத்துக்கங்க அக்கா. வாயால ஒருக்கா சொல்லிப்போடுங்க, போதும்."

"உங்க சபையில இதெல்லாம் பாக்கறதில்லைன்னு சொன்னீங்களே."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கேட்டது ஒரு வாக்கியம்தான். என்னிடம் அது இருந்தது.

"நான் நல்லதுதானுங்களே சொன்னேன்? ஒடம்பப் பாத்துக்கச் சொன்னேன். அத எப்படிங்க திருப்பி எடுக்கறது?" என்று சொல்லி, டப்பாவை உதறி மூடினேன். மணி அடித்தது. என் பிரிவுக்கு நடந்தேன்.