கேற்றின் ஆறாவது ஆள்

ஜூலியஸ் அண்ணைக்கு நோவா ஸ்கோஷியாவில் இன்னொரு குடும்பம் இருக்கிறதாம். கரோலின் கௌசிக்குச் சொல்லி, கௌசி அஜின்கோர்ட் மரக்கறிக் கடையில் வைத்து என் மனைவி சாம்பவிக்குச் சொல்லி, சாம்பவி திங்கட்கிழமை புட்டோடு சேர்த்து எனக்குப் பரிமாறினாள்.

“கரோலின் தன்ர கண்ணாலேயே பாத்தவவாம். ஆரோ வெள்ளைக்காரக் கிழவியின்ர மரண அறிவித்தல். பிள்ளையள் எண்டு போட்டு, முதல் அலெக், பிறகு ஜூலியஸ், ரொறன்ரோ.”

“ஊரில எத்தினை ஜூலியஸ் இருக்கினம்.”

“பக்கத்தில அவற்ற மனிசி வேரோனிக்காவின்ர பேரும் கிடக்காம். அப்ப சொல்லுங்கோவன், என்ன குடும்பமிது?”

எனக்கு அன்று நித்திரை சரியாக வரவில்லை. ஜூலியஸ் அண்ணையும் நானும் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். நாலு வருடமாக அவரைக் காரில் ஏற்றி இறக்குகிறேன். அறுபது வயது. மன்னார்க்காரர். வானொலியில் காலநிலை சொன்னால் மட்டும் வாய் திறப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை, நான் எப்படித் தொடங்குவது என்று இரண்டு சிக்னல் யோசித்துவிட்டு, நேரடியாகவே கேட்டேன்.

“ஓம், போட்டிருக்கினம்,” என்றார். “கேற் செத்துப்போனா. சனிக்கிழமை.”

“ஆரண்ணை கேற்?”

வீதியைப் பார்த்தபடி சொன்னார். வேலைக்குப் போய்ச் சேர்ந்தும் கதை முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மிச்சத்தைச் சொன்னார். எல்லாவற்றையும் யாரோ ஒருவருடைய விண்ணப்பப் படிவத்தை வாசிப்பதுபோலத்தான் சொன்னார்.

எண்பத்தெட்டில் மொன்றியலில் வந்து இறங்கியவருக்கு வயது இருபத்துமூன்று. மீன் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறி இன்வர்னஸ் என்ற கடலோர மாவட்டத்துக்குப் போனார். நண்டு உடைக்கும் வேலை. தங்குவதற்கு விதவை ஒருத்தியின் வீட்டு மேல்மாடி அறை. அந்த விதவைதான் கேற். அவளுக்கு ஒரே மகன் அலெக், இவருக்கு ஒத்த வயது, மீன்பிடிப் படகு வைத்திருந்தான்.

அந்தப் பக்கத்துச் சனம் இருநூறு வருடத்துக்கு முன்பு ஸ்கொட்லாந்தின் மேட்டு நிலத்திலிருந்து வந்தவர்கள். காணிக்காரர் ஆடு வளர்ப்பதற்காக இவர்களை எழுப்பிவிட்டார்களாம். வீட்டுக்குள் கேலிக் பாசை. ஊர் முழுக்க இருப்பதே ஏழெட்டுப் பெயர்தான்; அதனால் தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் கோத்துத்தான் ஒருவரைச் சொல்வார்கள். கேற் என்றால் டொனால்டின் மகன் ரோரியின் மகள் கேற். அந்தச் சங்கிலி இல்லாதவனைப் பற்றி என்ன கதைப்பதென்று அவர்களுக்குத் தெரியாது. இவரிடம் எல்லாரும் மரியாதையாக மழையைப் பற்றிக் கதைத்தார்கள். ஏழு மாதம் மழை மட்டுந்தான்.

முதல் குளிர்காலம் கேற்றின் குசினியில், புதிதாய் நெய்த கம்பளியை இறுக்குவதற்காக அடித்தார்கள். ஈரக் கம்பளியை நீள மேசையில் போட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றியிருந்து, பாட்டுக்குத் தக்கபடி மேசையில் அடித்து அடித்துப் பக்கத்து ஆளுக்கு நகர்த்த வேண்டும். எப்போதும் சூரியன் போகிற பக்கமாகத்தான். இவர் தாளத்தைப் பிடிக்கிற அவசரத்தில் மற்றப் பக்கம் தள்ளிவிட்டார். பாட்டு நின்றது. ஒரு கிழவன் இவரைப் பார்த்து, “கோ லெஷ் ஊ?” என்றான். நீ யாருடைய ஆள்? அந்த ஊரில் புதிதாகக் காண்கிற எவரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் அன்றுவரை இவரை ஒருவரும் கேட்டதில்லை.

கேற் கைகளை மேசையிலிருந்து எடுக்காமலே சொன்னாளாம், “லெம்சா.” என்னுடைய ஆள்.

“அவ்வளவுதான், தம்பி. பாட்டைத் திருப்பித் தொடங்கிச்சினம். அண்டையில இருந்து நான் ஜூலியஸ் கேற் ரோரி.”

பதினொரு வருடம் அப்படியே இருந்தார். ஞாயிறு பூசை, பின்னேரம் செபமாலை. கேற் முதற்பாதியைக் கேலிக்கில் சொல்வாள், இவர் மற்றப் பாதியைத் தமிழில் சொல்வார். மாதாவுக்கு இரண்டும் தெரியும் என்பாளாம். தொண்ணூற்றொன்பதில் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். இங்கே கலியாணம் பேசி வந்தது. கோடைக்கு வேரோனிக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், ஒரு கோடைக்கும் போகவில்லை. முதலில் பிள்ளை, பிறகு வீட்டுக்கடன், பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

கேற் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் அடிப்பாள். கடைசி வருடங்களில் அவளுக்கு ஞாபகம் பிசகி ஆங்கிலம் கழன்றுபோயிற்று. கேலிக் மட்டும் மிச்சம். இவருக்கு அது மறந்துவிட்டது. அரை மணித்தியாலம் ஒன்றும் விளங்காமல் காதில் வைத்திருப்பார். ஆறு வருடத்துக்கு முன்பு, அவள் அடித்தால் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை அலெக் ஃபோன் அடிச்சவன். வியாழக்கிழமை அடக்கம். பெட்டி தூக்க ஆறு பேரைக் கேற்றே சொல்லி வைச்சிட்டுப் போயிருக்கிறா. அலெக், கேற்றின்ர சகோதரங்களின்ர பெடியள் நாலு பேர், ஆறாவது நான். மாத்தக் கூடாதாம். நான் வராட்டி அந்த இடத்தை வெறுமையா விட்டிட்டு அஞ்சு பேர் தூக்குவினமாம். ஆரார் எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டு பிரிக்க வேணுமாம், இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லட்டாம்.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு ஒண்டும் வரேல்லை, தம்பி. அழுகையும் வரேல்லை. பல்லுக்கு ஊசி போட்டமாதிரிக் கிடக்கு.”

நான் கழிவறைக்குள் நின்று புதன் காலை ஹலிஃபக்ஸுக்கு விமானம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அங்கிருந்து நாலு மணித்தியாலக் கார் ஓட்டம். அவரிடம் சொன்னேன். “ஓ,” என்றார். பிறகு படுக்கை விரிப்புகளை மடிக்கப் போய்விட்டார்.

பின்னேரம் அவரை இறக்கப் போனபோது வேரோனிக்கா அக்கா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லி உள்ளே கூப்பிட்டா. குசினி மேசையில் இருந்தோம். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“அண்ணை போகாமல் விட்டிடுவார் போல, அக்கா.”

“போகமாட்டார். போனால் கௌசியின்ர வாய்க்கு அவல் எண்டு பயமாக்கும்.”

“அவளின்ர கதையை விடு,” என்றார் அண்ணை. “ஆறு வருசம் ஃபோன் எடுக்காதவன் என்ன முகத்தோட போய்ப் பெட்டியில கை வைக்கிறது?”

அக்கா தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கினா.

“எடுக்கேல்லை எண்டு ஆர் சொன்னது?”

அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

“ஞாயிற்றுக்கிழமை எண்டால் நீங்கள் ஃபோனை மேசையில விட்டிட்டுப் பனி தள்ளப் போவியள். ஜூலை மாசத்திலயும் பனி தள்ளப் போன மனிசன் ரொறன்ரோவில நீங்கள் ஒராள்தான். அது அடிச்சு அடிச்சு என்ர தலை வெடிக்கும். எடுத்தன். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா செபமாலைக்கு ஒரு இழுவை இருக்கெல்லே, அது விளங்கிச்சு. அவ நிப்பாட்டின இடத்தில நான் மற்றப் பாதியைச் சொன்னன்.”

“எத்தினை தரம்?”

“என்ன எத்தினை தரம்? ஆறு வருசமும். அவவின்ர ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்குடுக்க நான் கோயில் கந்தோருக்குப் போய்த்தானே, அங்க வேலை செய்யிற கரோலின் பேரைத் தேடிப் பாத்து ஊர் முழுக்கப் பரப்பினவ.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டனீங்களே?”

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கிட்ட இழுத்தார்.

“நான் எண்டு நினைச்சாவோ?” என்று கேட்டார்.

“பொம்பிளைக் குரலை உங்கட குரலெண்டு நினைக்க அவவுக்கென்ன காது பழுதே? செபமாலை முடியேக்க ஒவ்வொரு முறையும் உங்கட பேரைச் சொல்லிக் கேப்பா. ஓம், இருக்கிறார், பக்கத்திலதான் எண்டுவன். அதோட வைச்சிடுவா.”

ஜூலியஸ் அண்ணையின் முகத்தில் ஒரு மாற்றத்தையும் நான் காணவில்லை. எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினார். கழுவிய கோப்பையை இன்னொருதரம் கழுவினார். கைகளைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

“தம்பி, அந்த பிளேன் எத்தினை மணிக்கு?”

“காலமை ஆறே முக்கால். இப்பவே போட்டால் இடம் இருக்கு, அண்ணை.”

“அஞ்சுக்குள்ள சொல்லச் சொன்னவன்.” அடுப்பின் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு இருபது. “நேரம் கிடக்கு.”

நான் என் ஃபோனில் நேரத்தைப் பார்த்தேன். “அண்ணை, அவையள் எங்களைவிட ஒரு மணித்தியாலம் முன்னுக்கெல்லோ. அங்கை இப்ப அஞ்சு இருபது.”

பதினொரு வருடம் அந்த நேரத்தில் வாழ்ந்தவர். கதிரையில் உட்கார்ந்து, ஃபோனை எடுத்து, கேற் வீட்டு இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தினார். பெயரை வைத்துத் தேடவில்லை. இலக்கம் விரலில் இருந்தது. அக்கா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டா.

“குசினிச் சுவரில இருக்கு அந்த ஃபோன்,” என்றார். “அடுத்த அறையிலதான் அவவைக் கிடத்தியிருப்பினம். வீடு நிறையச் சனம் இருக்கும். ஆராவது எடுப்பினம்.”

மணி அடித்தது. வேரோனிக்கா அக்கா சீனிப் போத்தலை மூடாமல் கையிலேயே வைத்திருந்தா. ஏழு, எட்டு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றாவதிலும் அவர் வைக்கவில்லை. “வாறன் எண்டு சொல்லத்தானே,” என்றார் யாரையும் பாராமல். அது அடித்துக்கொண்டேயிருந்தது.